டயல் அப் கணக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

வீட்டு ரெலிபோன் லைனில் மொடெம் அழைத்து இணையத்துக்குப் போன டயல் அப் காலத்தில், விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய நாட்களில், பில் வந்த அன்று எங்கள் பக்கத்து வீடுகளில் நடந்த விசாரணை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீழே வருவதெல்லாம் அந்தக் காலத்துக் குறிப்பு. "தம்பி, போன மாசத்தை விட இரண்டு மடங்கு வந்திருக்கு, ராவு முழுக்க நெற்றிலையே இருந்தனீ?" "இல்லையம்மா, சொப்ட்வெயர் இருபது மணித்தியாலம்தான் காட்டுது, வந்து பாருங்கோ." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிழை இடையில் எங்கோ இருக்கிறது.

எதைத் தேடுவது என்றாலும் ஒன்றை மனதில் வையுங்கள். கணினியில் இணைப்பு நேரத்தை எண்ணும் மென்பொருளுக்குத் தெரிவது கணினிக்குள் நடப்பது மட்டும். பில் போடுவது ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எக்ஸ்சேஞ்சின் மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்கியது, எப்போது நின்றது என்பது உங்கள் கணினிக்குத் தெரியாது, அது ஊகிக்கிறது. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி இந்த ஊகம் பிழைப்பதால் வருபவை.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு நான் சொல்வது நெட்வேர்க்ஸ். அப்போது இலவசம், சிறியது, டயல் அப் அழைப்புகளைத் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கும். பிட்மீட்டரும் இலவசம்தான், ஆனால் அதன் பலம் எத்தனை மெகாபைட் போனது என்பதைக் காட்டுவதில். அழைப்புக் காசு பார்க்க வேண்டுமென்றால் அதோடு மினைக்கெடத் தேவையில்லை. லினக்ஸ்காரருக்குக் கேபிபிபி என்ற டயல் அப் மென்பொருள். அதைப் பற்றிப் பிறகு.

பில் கூட, மென்பொருள் குறைய

ஆகக் கூடுதலாகக் கேட்கப்படும் கரைச்சல் இது. காரணம் ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து வரும்.

முதலாவது, மொடெம் கத்துகிற நேரம். எண்ணைச் சுழற்றி, அந்தப் பக்கத்து மொடெம் லைனை எடுத்த அந்தக் கணமே எக்ஸ்சேஞ்சில் கட்டணம் ஓடத் தொடங்கிவிடும். அதன் பிறகுதான் இரண்டு மொடெமும் கீச்சுக் கீச்சென்று கதைத்து வேகத்தை ஒத்துக்கொண்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டு, மூலையில் இரண்டு சின்னக் கணினிப் படம் தோன்றும். விண்டோஸ் எண்ணத் தொடங்குவது அந்தப் படம் தோன்றிய பிறகுதான். நல்ல லைனில் 20 செக்கன், மோசமான லைனில் 30 செக்கனுக்கு மேல் இப்படிப் போகும்.

இரண்டாவது, முழு நிமிடமாக்குதல். உங்கள் கட்டணம் நிமிடக் கணக்கு என்றால் 10 நிமிடம் 50 செக்கன் என்பது 11 நிமிடம். மென்பொருள் பெரும்பாலும் மாத மொத்தச் செக்கன்களைக் கூட்டிக் கடைசியில் ஒருதரம் பெருக்கும். எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியாக மேல்நோக்கி முழுமையாக்கும்.

இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு. நாளுக்கு 4 தடவை, 30 நாள், மொத்தம் 120 அழைப்பு. ஒவ்வொன்றும் மென்பொருளின்படி 10 நிமிடம் 20 செக்கன். மென்பொருள் சொல்லும் மொத்தம் 20 மணித்தியாலம் 40 நிமிடம். எக்ஸ்சேஞ்சுக்கு ஒவ்வொன்றும் 10 நிமிடம் 50 செக்கன், அதாவது 11 நிமிடம். 120 தரம் 11 என்றால் 22 மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் 20 நிமிடம் எங்கே போனதென்று கேட்டால் இங்கேதான் போனது. அதே இருபது மணித்தியாலத்தை நாளுக்கு ஒரே அழைப்பாகப் பாவித்திருந்தால் வித்தியாசம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்திருக்கும். மின்னஞ்சல் பார்க்க ஒருதரம், ஸ்கைப்பில் மாமா வந்திட்டாரா என்று பார்க்க இன்னொருதரம் என்று வெட்டி வெட்டிப் போடுவது சிக்கனம் போலத் தெரியும். நிமிடக் கட்டணத்தில் அது சிக்கனமே அல்ல.

மூன்றாவது, தோற்றுப்போன அழைப்புகள். இதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் காட்டும் பிழை எண்ணைப் பாருங்கள். 680 என்றால் டயல் ரோன் இல்லை, 676 என்றால் லைன் பிசி. இவற்றுக்குக் காசு இல்லை, ஏனென்றால் மறுபக்கம் யாரும் எடுக்கவேயில்லை. 691 வேறு கதை. பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் பிழை என்பது அதன் பொருள். பிழை என்று சொல்லுவதற்கு அந்தப் பக்கம் எடுத்திருக்க வேண்டுமல்லவா? எடுத்தால் காசு. 718, 721 இரண்டும் அதே இனம்: லைன் எடுபட்டது, பேச்சு சரிவரவில்லை. 678 இரண்டும்கெட்டான். மணி அடித்து யாரும் எடுக்காவிட்டாலும் அது வரும், எடுத்த பிறகு மொடெம்கள் ஒத்துவராவிட்டாலும் அது வரும்.

மென்பொருளின் பட்டியலில் இந்தத் தோல்விகள் ஒன்றுகூட இராது. விண்டோஸ் தானாகவே மீண்டும் மீண்டும் டயல் பண்ண விட்டிருந்தால், லைன் மோசமாக இருந்த ஒரு இரவு போதும். இணைப்பின் பண்புகளைத் திறந்து, தெரிவுகள் பக்கத்தில் மறு டயல் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கள். தேவை என்றால் நீங்களே அழுத்தலாம்.

நாலாவது, வரி. பில்லில் வற் வரியும் மற்றவையும் தனியாக நிற்கும். மென்பொருளில் நிமிட விலையைப் போடும்போது வரி சேர்ந்த விலையைப் போடுங்கள். இணைய நிறுவனத்துக்குக் கட்டும் காசு வேறு, அழைப்புக் காசு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். முற்பணக் கார்ட்டில் 10 மணித்தியாலம் மிச்சம் இருந்தாலும் அந்தப் பத்து மணித்தியாலத்துக்கும் ரெலிபோன் காசு ஓடும்.

கடைசியாக, எண்ணையே ஒருதரம் வடிவாகப் பாருங்கள். டயல் பண்ணும் எண் 011 இல் தொடங்கினால் நீங்கள் யாழ்ப்பாணத்து 021 இலிருந்து கொழும்புக்கு அழைக்கிறீர்கள். விண்டோஸின் டயலிங் விதிகள் இடக் குறியீட்டைத் தானாக முன்னுக்குச் சேர்த்துவிடுவதும் உண்டு. கொழும்பில் பாவித்த கணினியை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

எக்ஸ்பியில் எந்த மென்பொருளையும் நம்பாமல் உண்மையைப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. கொன்ட்ரோல் பனலில் நிர்வாகக் கருவிகளுக்குள் ஈவென்ட் வியூவர், அதில் சிஸ்ரம் பதிவு. மூலம் (சோர்ஸ்) என்ற இடத்தில் ரிமோட் அக்ஸஸ் என்று வரும் வரிகளில் 20158 என்றால் இணைப்பு கிடைத்தது, 20159 என்றால் இணைப்பு அறுந்தது. நேரம், பயனர், எந்த மொடெம் எல்லாம் அதில் இருக்கும். மென்பொருள் ஓடாமல் இருந்த நாட்களில் யார் பாவித்தார்கள் என்பதும் இங்கே பிடிபடும். பொடியன் மென்பொருளை மூடிவிட்டுப் பாவித்தாலும் இந்தப் பதிவு பதிந்துகொண்டேயிருக்கும். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

இரவில் பாவித்தது பகல் விலையில் விழுகிறது

பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்ற பொதியில் இருப்பவர்களுக்கு. மென்பொருளில் மணி எல்லைகளைச் சரியாகப் போட்டும் அரை மணித்தியாலம் பிசகுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நேர வலயம்.

இலங்கை நேரம் 1996 மே மாதம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னுக்குப் போனது, அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறு மணித்தியாலமாகியது, 2006 ஏப்ரலில் திரும்பவும் ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்தை விடவேயில்லை. சமாதான காலத்தில் முகமாலைச் சோதனைச் சாவடியைத் தாண்டியவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பியது நினைவிருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது இந்த ஆறு மணித்தியாலக் காலத்தில். ஆகவே அதில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்கும் வலயம், புதுப்பிப்புப் போடாத கணினிகளில், இன்னும் ஆறில்தான் நிற்கிறது.

2006 இல் நம்மவர்கள் செய்தது என்ன? வலயத்தைத் தொடாமல் மணிக்கூட்டை மட்டும் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். பார்க்கச் சரி. ஆனால் எக்ஸ்பி கிழமைக்கு ஒருதரம் இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கும். டயல் அப்பில் அது எப்போதாவதுதான் சரிவரும். சரிவந்த அன்று மணிக்கூடு தானாக அரை மணித்தியாலம் முன்னுக்குப் பாயும். யாரோ கவனித்துத் திரும்பப் பின்னுக்குத் தள்ளுவார்கள். இப்படித் தள்ளித் தள்ளி, மென்பொருளின் பதிவில் சில நாள் ஒரு நேரம், சில நாள் இன்னொரு நேரம். விலைப் பிரிப்பு முழுவதும் குழம்பும்.

வைத்தியம் சுலபம். மணிக்கூட்டில் இரட்டைச் சொடுக்குச் செய்து, வலயப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்ற வரியைத் தெரிந்து, பிறகு மணியைச் சரிசெய்யுங்கள். இந்திய நேரமும் நம் நேரமும் இப்போது ஒன்றுதான். பழைய பதிவுகளைத் திருத்த முயல வேண்டாம், அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் பிசகினால், எல்லையைத் தாண்டும் அழைப்பைப் பாருங்கள். இரவு விலை தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது இணைத்து ஒரு மணித்தியாலம் இருந்தால், முழு அழைப்பும் தொடங்கிய நேரத்து விலையில் போகிறதா, இடையில் மாறுகிறதா என்பது பொதியைப் பொறுத்தது. விவரப் பில் எடுத்து அப்படியான ஒரு அழைப்பைத் தேடினால் விடை கிடைக்கும். தெரியும்வரை பத்து நிமிடம் பொறுத்து இணைப்பது ஆறுதல்.

எல்லாம் பூச்சியம்

மென்பொருள் வேறு இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நெட்வேர்க்ஸில் அமைப்புகளைத் திறந்து எந்த இணைப்பைக் கண்காணிப்பது என்ற இடத்தில் லான் அட்டையின் (கேபிள் வலையமைப்புக்கான அட்டை) பெயர் இருந்தால் எல்லா இணைப்புகளும் என்பதற்கு மாற்றுங்கள்.

மெகாபைட் ஏறுகிறது, அழைப்பு நேரம் மட்டும் பூச்சியம் என்றால் வேறு விஷயம். சிடிஎம்ஏ போனையோ (வயரில்லாத வீட்டுப் போன்) யூஎஸ்பி டொங்கிளையோ பாவிக்கிறவர்களுக்கு இது வரும். #777 அல்லது *99# என்று விண்டோஸின் டயல் அப் இணைப்பாகவே அழைத்தால் நேரம் பதியும். கூட வந்த மென்பொருள் வழியாக இணைத்தால் சில டொங்கிள்கள் தங்களை லான் அட்டை போலக் காட்டிக்கொள்ளும், அப்போது விண்டோஸுக்கு அது அழைப்பே அல்ல. டேட்டாக் கணக்கில் காசு போகிற பொதி என்றால் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மணித்தியாலப் பொதி என்றால் *99# வழியாக இணைப்பை நீங்களே உருவாக்குங்கள்.

துண்டித்த பிறகும் லைன் விடவில்லை

மென்பொருள் இணைப்பு அறுந்தது என்கிறது, பில்லில் அந்த அழைப்பு மணித்தியாலக் கணக்கில் நீண்டு கிடக்கிறது. கணினி இறுகி நின்ற நாட்களில் இது நடக்கும். வெளி மொடெம் கணினியிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் லைனைப் பிடித்தபடியே இருக்கும். முன்பக்கத்தில் ஓஎச் என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்தால் லைன் எடுபட்டபடி இருக்கிறது என்று பொருள். உள் மொடெம் என்றால் வீட்டு ரெலிபோனைத் தூக்கிக் காதில் வையுங்கள். டயல் ரோன் கேட்டால் சரி. சீறுகிற சத்தம் கேட்டால் அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. சுவரிலுள்ள லைன் வயரைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கரண்ட் போனால் மொடெமும் அணைந்து லைன் விடுபட்டுவிடும், அதற்குப் பயமில்லை. பிரச்சினை யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு. கரண்ட் போனவுடன் திரை அணைந்துவிட்டது என்று எழுந்து போவார்கள், கணினியும் மொடெமும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பின் பண்புகளில் சும்மா இருந்தால் துண்டிக்கும் நேரத்தை 5 நிமிடமாக வைத்தால் இதற்கு ஓரளவு காவல். ஓரளவுதான், ஏனென்றால் பின்னணியில் எந்த மென்பொருளாவது எதையாவது அனுப்பிக்கொண்டிருந்தால் விண்டோஸ் அதைச் சும்மா இருப்பதாக எண்ணாது.

நான் தொடவேயில்லை, தானாக டயல் பண்ணுகிறது

இரண்டு விதம். ஒன்று அப்பாவி, மற்றது கள்ளன்.

அப்பாவி: வைரஸ் தடுப்பான், விண்டோஸ் புதுப்பிப்பு, மெசஞ்சர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இணையம் கேட்கிறது, எக்ஸ்புளோரர் அமைப்பு எப்போதும் டயல் பண்ணு என்று இருப்பதால் மொடெம் எழும்புகிறது. இணையத் தெரிவுகளில் இணைப்புகள் பக்கத்தில் ஒருபோதும் டயல் பண்ணாதே என்று மாற்றுங்கள். புதுப்பிப்புகளை நீங்கள் கேட்கும்போது மட்டும் இறக்க வையுங்கள். 44 கிலோபிட் வேகத்தில் ஒரு மெகாபைட் இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். பின்னணியில் 20 மெகாபைட் இறங்கினால் ஒரு மணித்தியாலக் காசு.

கள்ளன்: டயலர். பில்லில் நீங்கள் கேள்விப்படாத நாட்டுக்கு சர்வதேச அழைப்பு இருந்தால் இதுதான். 1997 இலேயே அமெரிக்காவில் இது வழக்காகியது. படம் பார்க்க என்று இறக்கிய ஒரு மென்பொருள், உள்ளூர் இணைப்பைத் துண்டித்து, மொடெமின் ஒலியை அணைத்துவிட்டு, மோல்டோவாவுக்குப் புதிதாக அழைத்தது. பார்த்தவர் வேறு தளத்துக்குப் போனாலும் அழைப்பு தொடர்ந்தது. மென்பொருளில் மொத்த நேரம் சரியாகவே இருக்கும், விலைதான் பல மடங்கு பிழைக்கும். அதனால் மாத மொத்தத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், அழைப்புப் பட்டியலில் எந்த இணைப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நெட்வேர்க் இணைப்புகளில் நீங்கள் உருவாக்காத ஒன்று இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அழியுங்கள், பிறகு வைரஸ் சோதனை. 00 இல் தொடங்கும் எண் எதற்கும் டயல் அப்பில் வேலை இல்லை. வெளிநாட்டுக்கு இந்த லைனில் கதைப்பதில்லை என்றால் சர்வதேச அழைப்பை எக்ஸ்சேஞ்சிலேயே தடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கனடாவில் இருப்பவர்கள்தானே எப்படியும் நமக்கு எடுக்கிறார்கள். மொடெமின் சத்தத்தையும் அணைத்து வைக்க வேண்டாம். அந்தக் கீச்சுச் சத்தம்தான் வீட்டுக் காவல்நாய்.

அடிக்கடி அறுகிறது, அழைப்பு எண்ணிக்கை ஏறுகிறது

மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்கு மட்டும் வந்தால் லைன். வீட்டுக்கு வரும் வயர் வேப்பமரக் கிளையில் உரசுகிறதா, இணைப்புப் பெட்டிக்குள் ஈரமும் எறும்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ரெலிபோனில் ஒரு இலக்கத்தை அழுத்திவிட்டுக் கேளுங்கள். டயல் ரோன் நின்றதும் அமைதியாக இருக்க வேண்டும். கரகரப்பு இருந்தால் முறைப்பாடு கொடுங்கள். இணையம் அறுகிறது என்று சொன்னால் எடுபடாது, கதைக்கும்போது கரகரக்கிறது என்று சொல்லுங்கள்.

மழையில்லாத நாளிலும் அறுந்தால் அழைப்புக் காத்திருப்பு வசதி. யாரோ எடுக்கும்போது வரும் பீப் சத்தமே மொடெமைக் குழப்பப் போதும். அறைக்குள் இருக்கும் இரண்டாவது ரெலிபோனை அப்பாச்சி தூக்கினாலும் இதே கதி.

வேகம் 115.2 கிலோபிட் என்று காட்டுகிறது, ஆனால் ஊர்கிறது

அது கணினிக்கும் மொடெமுக்கும் இடையிலான வேகம். லைன் வேகம் அல்ல. 56 கிலோபிட் மொடெமில் 40 சொச்சம் கிடைத்தால் நல்ல லைன்.

கேபிபிபி: நேரம் வருகிறது, ரூபா வரவில்லை

காசுக் கணக்குக்கு நான் கண்டவற்றில் ஆகச் சரியானது கேபிபிபிதான். ஆனால் விதிக் கோப்பை நீங்களே எழுத வேண்டும். தயாராக வருபவை ஜெர்மனி போன்ற நாடுகளின் கட்டணங்கள், நமக்கு உதவாது. கூடவே வரும் மாதிரிக் கோப்பைப் பிரதி எடுத்து, அதில் பெயர், நாணயக் குறி, தசம இலக்கம், பிறகு வழக்கமான விலை ஆகியவற்றைப் போடுங்கள். விலை அடைப்புக்குள் இரண்டு எண்ணாக வரும்: முதலாவது காசு, இரண்டாவது அந்தக் காசு எத்தனை செக்கனுக்கு. நிமிடத்துக்கு ஒன்றரை ரூபா என்றால் 1.50, 60. இரண்டாவதில் 1 என்று போட்டுவிட்டு மாதம் ஆயிரக்கணக்கில் காட்டுகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது செக்கனுக்கு ஒன்றரை ரூபா.

ஒவ்வொரு அலகும் தொடங்கும்போதே காசைச் சேர்ப்பதால் முழு நிமிடமாக்கும் பிரச்சினை இங்கே தானாகத் தீரும். மொடெம் கத்துகிற நேரத்துக்கு, ஒரு இணைப்புக்கான கட்டணம் என்ற வரியில் அரை நிமிடக் காசைப் போடுங்கள், கிட்டத்தட்டச் சரிவரும். கிழமை நாள், மணி வாரியாக இரவு விலையும் எழுதலாம். கோப்பின் பெயர் ஆர்எஸ்டி என்ற பின்னொட்டில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலேயே தோன்றாது. எழுத்துப் பிழையைப் பிடிக்க, ரேர்மினலில் கேபிபிபியைச் சிறிய ஆர் தெரிவோடும் கோப்பின் பெயரோடும் ஓட்டினால் எந்த வரியில் பிழை என்று சொல்லும். எல்லாம் சரியாக இருந்தும் ரூபா வராவிட்டால், அந்தக் கணக்கின் அமைப்பில் கணக்கு வைப்பதை இயக்கும் பெட்டியில் சரி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

லினக்ஸில் டேட்டாவை எண்ணும் விஎன்ஸ்டாட் பாவிப்பவர்களுக்கு: அது கேர்னலின் (லினக்ஸின் உட்கரு) பைட் எண்ணிக்கையைப் படிப்பது, அழைப்பு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கிரொன் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) வழியாக ஓட விட்டிருந்தால், இடையில் இணைத்து அறுந்த அழைப்பின் பைட்டுகள் போனதுதான். அதன் டீமனை (பின்னணியில் எப்போதும் ஓடும் பகுதி) ஓட விட்டால் இழப்பு குறையும்.

மாதக் கணக்கு முதலாம் தேதியில் உடைகிறது

மென்பொருள் 1 ஆம் தேதியில் மாதத்தைத் தொடங்கும், பில் உங்கள் பில் தேதியில் தொடங்கும். ஒப்பிடுவதற்கு முன் பில்லின் மேற்பக்கத்தில் இருக்கும் காலத்தைப் பார்த்து, மென்பொருளில் தேதி வரம்பை அதற்கேற்ப நீங்களே கொடுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போடக் கடையில் கொடுக்கும் முன் அழைப்புப் பட்டியலை எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கடையில் சி டிரைவை அழிக்கும்போது அதைக் கேட்டு யாரும் எடுத்து வைக்கமாட்டார்கள், பில் தகராறுக்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சாட்சி அந்தப் பட்டியல்தான்.